பள்ளி முடிவுகளில் பெற்றோர், மாணவர் பங்கேற்பு வெறும் சடங்கா?

"உயர்நிலைப் பள்ளியில் முடிவெடுக்கும்போது பெற்றோரையும் மாணவர்களையும் கூப்பிடுவது வெறும் சடங்குதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல இடங்களில் சடங்காகத்தான் நடக்கிறது. ஆனால் அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை.

கூட்டம் எந்தக் கட்டத்தில் நடந்தது என்று முதலில் பாருங்கள். தேர்வு அட்டவணை அச்சாகி வந்த பிறகு கருத்துக் கேட்டால் அது அறிவிப்பு. இரண்டு மூன்று வரைவுகள் மேசையில் இருக்கும்போதே கேட்டால்தான் பங்கேற்பு.

குழந்தைகள் பற்றிய ஆய்வாளரான ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதிய கட்டுரையில் சிறுவர் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக விளக்கினார். கீழ் மூன்று படிகளை அவர் பங்கேற்பாகவே எண்ணவில்லை. பெயருக்கு ஒரு மாணவரை மேடையில் உட்கார வைப்பது அந்த வகைதான். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவும், குழந்தையின் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு தரச் சொல்கிறது.

சரி, எல்லோரும் எல்லாவற்றையும் முடிவு செய்யலாமா? வேண்டாம். ஒரு மாணவர்மீதான ஒழுங்கு நடவடிக்கையைப் பொதுக்கூட்டத்தில் பேசவே கூடாது. பாடம் நடத்தும் முறையில் ஆசிரியர் சொல்லுக்கே எடை அதிகம். ஆனால் கழிப்பறை, கைபேசி விதி, வீட்டுப்பாடச் சுமை பற்றி மாணவர்களைக் கேட்காமல் எடுக்கும் முடிவு, என் பார்வையில், பாதி முடிவுதான்.

அப்புறம், கூட்டத்தை வேலை நேரத்தில் வைத்தால் தினக்கூலிப் பெற்றோர் வர முடியாது. ஒரு யோசனையை ஏற்கவில்லையா? ஏன் என்று எழுதி எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டுங்கள்.