வாட்ச் காட்டும் கலோரி நிஜமா?

கேள்வி: உடல் பருமனைக் குறைக்க ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருக்கிறேன். தினமும் 500 கலோரி எரித்ததாகக் காட்டுகிறது, எடை மட்டும் அசையவே இல்லை. வாட்ச் பொய் சொல்கிறதா?

பதில்: பொய் இல்லை, ஊகம். அடியில் மினுங்கும் பச்சை விளக்கு தோலுக்குள் ஓடும் ரத்தத்தைக் கவனித்து நாடித்துடிப்பை எண்ணுகிறது. அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தத் துடிப்போடு உங்கள் வயது, எடை, கையசைவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுத்தான் கலோரியைச் சொல்கிறது, சறுக்குவது அங்கேதான். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7 கருவிகளைச் சோதித்தார்கள். இருப்பதிலேயே நல்லதுகூட கலோரியில் சராசரியாக 27 சதவீதம் தவறியது. அதனால் '500 எரிச்சாச்சே' என்று கூடுதலாக ஒரு பிடி பிடிக்காதீர்கள். 2016-இல் வெளியான பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வு இன்னும் சுவாரஸ்யம்: எல்லாருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை கொடுத்தும், 2 வருட முடிவில் கருவி கட்டியவர்கள் குறைத்தது சராசரியாக 3.5 கிலோ, கட்டாதவர்கள் 5.9 கிலோ!

சரி, கழற்றி எறிந்துவிடலாமா? வேண்டாம். போன வாரத்தைவிட இந்த வாரம் கூடுதலாக நடந்தீர்களா என்று பார்க்க அது தாராளமாகப் போதும். சாப்பிட்டதை மட்டும் நீங்களே எழுதி வையுங்கள், அது வாட்சுக்குத் தெரியாது. அப்புறம், சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர் என்றால் வாட்சைப் பார்த்து அளவை மாற்றாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.