நரை, அரிப்பு, கனகாம்பரம்

அன்புள்ள அக்கா,

மும்பை முலுண்டில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். வயது 52. 38 வயதில் டை போட ஆரம்பித்தேன். மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போய்விடுகிறது. விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் வரும் தை மாதம் மகளுக்குக் கல்யாணம். "சம்பந்தி வீட்டார் முன்னால் பாட்டி மாதிரி நிற்கப் போகிறாயா?" என்கிறார் கணவர். (அவருக்கு முன்தலையில் முடியே இல்லை, அது வேறு விஷயம்.) ஆபீஸ் தோழிகளோ, "தைரியமா விடு, அது ஒரு ஸ்டேட்மென்ட்" என்கிறார்கள். சமீபமாக டை போட்ட மறுநாள் காதோரம் அரிக்கிறது, ஒரு அலர்ஜி மாத்திரை போட்டால் அடங்கிவிடுகிறது. நான் கேட்க வந்தது அதுவல்ல. நரையோடு இருப்பது வயதை ஏற்றுக்கொள்வதா, தோற்றுப்போவதா? நீங்கள் எப்படித் துணிந்தீர்கள்?

கே., முலுண்ட்

அன்புள்ள கே.,

கேட்க வந்தது அதுவல்ல என்று தள்ளிவிட்டீர்களே, அந்த அரிப்பைத்தான் நான் முதலில் பிடித்துக்கொள்கிறேன்.

நான் துணியவெல்லாம் இல்லை. 2018இல் ஒரு பார்லரில், "மருதாணிதான் மேடம், கெமிக்கலே கிடையாது" என்று சொல்லிப் பூசினார்கள். நாற்பது நிமிஷத்தில் தலை கன்னங்கரேலென்று ஆனது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். மருதாணியை மட்டும் பூசினால் வெள்ளை முடி செம்பட்டையாகும், கறுக்காது. அவுரி சேர்த்தால் கறுக்கும், ஆனால் அதற்குப் பொழுதும் பொறுமையும் வேண்டும். மறுநாள் காலை எழுந்தால் இரண்டு இமையும் பணியாரம் மாதிரி உப்பியிருந்தன. கண்ணைத் திறக்க முடியவில்லை. தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "இதுக்கு முன்னால காதோரம் அரிச்சுதா?" அரித்தது. ஒரு வருஷமாக அரித்தது. நானும் உங்களைப் போல மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கறுப்பு டைகளில் பெரும்பாலானவற்றில் பாரா-ஃபினைலின்டையமின் என்றொரு பொருள் இருக்கும். பி.பி.டி. என்பார்கள். கறுப்பு மருதாணி என்று விற்கிற பொடிகள் பலவற்றிலும் அதுதான் வேலை செய்கிறது. 'அம்மோனியா இல்லாதது' என்று அட்டையில் போட்டிருந்தால் அம்மோனியா இல்லை, அவ்வளவுதான்; பி.பி.டி. இருக்கலாம். இந்த பி.பி.டி. பத்து வருஷம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுப் பதினோராவது வருஷம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஒருமுறை உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் மறக்காது. மாத்திரை அரிப்பை அடக்குமே தவிர ஒவ்வாமையைப் போக்காது. கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு டை போட்டு, முகூர்த்தத்தன்று இமை வீங்கி நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி மாதிரி நிற்பது எவ்வளவோ மேல் என்று உங்கள் கணவரே சொல்வார். அதனால் அடுத்த ஞாயிறு டை வேண்டாம், தோல் டாக்டரைப் பாருங்கள். அரிப்பு மட்டும் இல்லையென்றால், "தை முடியட்டும், மாசியில் விடுங்கள்" என்றுதான் எழுதியிருப்பேன்.

இனி, ஏற்றுக்கொள்வதா தோற்பதா. எனக்கு இரண்டுமே பெரிய வார்த்தைகளாகத் தெரிகின்றன. முடியின் வேரில் நிறம் தயாரிக்கும் உயிரணுக்கள் ஓய்ந்துபோகின்றன, வெள்ளையாக வளர்கிறது. நடந்தது இவ்வளவுதான். தலை நரைக்காததற்கு நல்ல மனைவியும் நல்ல மக்களும் நல்ல அரசனும் காரணம் என்று ஒரு புலவர் சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்த மனைவிக்கு நரைத்திருந்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 2011இல் அஜித் நரைத்த தலையோடு திரையில் வந்தபோது விசில் பறந்தது. அதே தலையோடு ஒரு கதாநாயகி வந்திருந்தால் அம்மா வேஷம் கொடுத்திருப்பார்கள். உங்கள் தோழிகள் சொல்லும் ஸ்டேட்மென்ட் இங்கிருந்து வருகிறது, அதில் நியாயமும் உண்டு. ஆனால் காலையில் தலைவாரும்போது கையில் சீப்புதான் இருக்கும், கொடி அல்ல.

கஷ்டம் நரையில் இல்லை, நடுவில் வரும் இரட்டை நிறத்தில்தான். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வளரும். இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, தைக்குள் பத்து சென்டிமீட்டர் வெள்ளை; வகிட்டிலிருந்து காதுக்குக் கொஞ்சம் மேலே வரை. அதற்குக் கீழே பழைய டை, வெளுத்துப் பழுப்பாக. அழகாக இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஏழாவது மாதம் பொறுக்க முடியாமல் நான் தோளோடு வெட்டிக்கொண்டேன். உங்களுக்கு நீளமுடி என்றால் வெட்ட மனசு வராது. தாழக் கொண்டை போட்டு, சுற்றிப் பூ வைத்தால் பழுப்பில் பெரும்பங்கு மறைந்துவிடும். மேலே தெரிவது பெரும்பாலும் வெள்ளைதான்.

அந்த மாதங்களில் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் எனக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. தாதர் வரை உட்கார இடம் கிடைக்காது. நின்றுகொண்டிருப்பவளுக்குக் கீழே தெரிவதெல்லாம் உட்கார்ந்திருப்பவர்களின் வகிடுதான். நூல் அளவு வெள்ளை என்றால் போட்டு ஒரு வாரம். விரல் அகலம் என்றால் இந்த ஞாயிறு தாண்டாது. குங்குமம் அந்த வெள்ளைக் கோட்டில் சிவப்பாக இறங்கியிருக்கும். பெட்டி முழுக்க இதே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. என் தலையை ஒருத்தரும் பார்க்கவில்லை, அவரவர் செல்போனைப் பார்த்தார்கள்.

பார்த்தது என் அம்மாதான். அவளுக்கு 79, இன்னமும் டை போடுகிறாள், ஒத்துக்கொள்கிறது. "நீ நரைச்சுண்டு வந்து நின்னா என் வயசு என்னன்னு ஊர் கணக்குப் போடாதா?" என்றாள். அவளுக்கு வாங்கிக் கொடுப்பதும் நான்தான்.

மாட்டுங்காவில் ஆஸ்திக சமாஜம் பக்கம் பூ வாங்கப் போனேன். வழக்கம்போல மல்லி கேட்டேன். பூக்கார அம்மா என் தலையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "வெள்ளை முடிக்கு மல்லி எடுப்பா இருக்காதுக்கா, கனகாம்பரம் கொண்டு போங்க" என்று ஒரு முழம் அளந்தார். நரையைப் பற்றி எனக்குக் கிடைத்த யோசனைகளிலேயே உருப்படியானது அதுதான். தையில் விலை ஏறிவிடும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
அக்கா