சித்திரை வெயில் ஏறும்போது உள்மாவட்டங்களில் மழையும் வருமா?

கேள்வி இது: "ஈரோடு, கரூர், சேலம் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் எப்படி இருக்கும்? நடுவில் மழை வருமா?"

வெயில் நிச்சயம். மழையும் உண்டு, ஆனால் அது உங்கள் தெருவுக்கு வருமா என்பது வேறு கதை.

எங்களுக்கு ஈரோடு மாவட்டம் கோபி (கோபிச்செட்டிபாளையம்) பக்கம் வாழைத்தோட்டம். அதனால் மார்ச் பாதியிலிருந்தே அண்ணாந்து பார்க்கிற பழக்கம் வந்துவிடும். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்குகிறது, அதற்கப்புறம்தான் வெயில் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் அப்படியில்லை. ஈரோட்டில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதே ஏப்ரல் 20 வாக்கில். மேற்குக் கடலும் தூரம், கிழக்குக் கடலும் தூரம், கடற்காற்று எட்டிப் பார்க்காது. கோயம்புத்தூர்க்காரர்களுக்காவது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிடைக்கும். 2024 ஏப்ரலில் ஈரோடு 42 டிகிரியைத் தாண்டியது. வழக்கமாக மே மாதம் கோடை மழை பிடித்தால் எங்களுக்குச் சூடு கொஞ்சம் இறங்கும். சென்னைக்கு நேர்மாறு: தரைக்காற்று வலுத்து, கடற்காற்று தாமதமாகிற மே கடைசியில்தான் அங்கே உச்சம். 2003 மே 31 அன்று 45 டிகிரி அடித்தது நினைவிருக்கலாம்.

சரி, மழை. வெயில் மட்டும் இருந்தால் மழை வராது. வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வர வேண்டும். வானிலை அறிக்கையில் "கிழக்கு திசைக் காற்றும் மேற்கு திசைக் காற்றும் சந்திக்கும் பகுதி" என்று சொல்வார்களே, அதைக் கேட்டால் நான் காதைத் தீட்டிக்கொள்வேன். அந்த இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை, கீழே கொதிக்கிற தரையும் சேர்ந்து தள்ளிவிடும். மதியம் இரண்டு மணிக்குச் சத்தியமங்கலம், அந்தியூர் மலைப்பக்கம் வெள்ளையாக முளைக்கிற மேகம் சாயங்காலத்துக்குள் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். ராத்திரியெல்லாம் வியர்த்துக் கொட்டி, காலையிலும் புழுக்கம் விடவில்லை என்றால் எனக்கு நம்பிக்கை வரும். வெறும் வறட்டு வெயில் என்றால் எத்தனை டிகிரி அடித்தாலும் மேகம் கட்டாது.

அறிக்கையில் வரும் "ஓரிரு இடங்களில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால்பங்குக்கு மேல் நனையாது என்று அர்த்தம். பக்கத்து ஊரில் ஓடை ஓடும், நம் காட்டில் புழுதி பறக்கும். அறிக்கை பொய் என்று திட்டுவதில் நியாயமில்லை (நானும் திட்டியிருக்கிறேன்). மார்ச் முதல் மே வரை தமிழகத்தின் சராசரி மழையே 12, 13 சென்டிமீட்டர்தான். கோடை உழவு ஓட்ட அது போதும், கிணறு நிறையாது.

எனக்குப் பயம் மழை வராததில் இல்லை, மழைக்கு முன்னால் வரும் காற்றில்தான். மேகத்திலிருந்து விழுகிற துளி கீழே உள்ள வறண்ட காற்றில் பாதியிலேயே ஆவியாகிவிடும். அப்போது அந்தக் காற்று சட்டென்று குளிர்ந்து, கனத்து, தரையில் மோதி நாலாபக்கமும் சிதறும். அதுதான் சூறைக்காற்று. ஒரு வருஷம் மே முதல் வாரத்தில், பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "மேக்க கருகருன்னு கட்டீருச்சுங்க, மாட்டப் புடிச்சு உள்ள கட்டுங்க" என்று சத்தம் போட்டார். மாட்டைக் கட்டி முடிப்பதற்குள் இருபது நிமிஷக் காற்று. தார் விட்டிருந்த நேந்திரன் முந்நூறு மரத்துக்கு மேல் இடுப்போடு முறிந்து கிடந்தது. மழை? நாலு தூறல். அதற்கப்புறம் தார் விட்ட மரத்துக்கெல்லாம் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்துவிடுகிறோம். கம்புக்குச் செலவுதான், ஆனாலும் காற்று சுமாராக இருந்தால் தாங்குகிறது.

நீங்கள் வெளியூரிலிருந்து வருவதாக இருந்தால், வெளி வேலையைக் காலை பதினோரு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மின்னல் வெட்டி இடி கேட்பதற்குள் மூன்று எண்ணினால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் என்று கணக்கு. ஆனால் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள், இடி காதில் விழுகிறது என்றாலே வீட்டுக்குள் போய்விட வேண்டும். புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி ஒதுங்குகிறவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். வெட்டவெளியில் உயரமாக நிற்கும் மரத்தைத்தான் மின்னல் முதலில் தேடும். "தாமினி" செயலியைப் போனில் போட்டுவைத்தால் சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதைக் காட்டும். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் எல்லோருமே அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.