மகளின் கல்லூரி நிதியைத் தொடாமல் நாங்களும் படிக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 38, மனைவிக்கு 35. இருவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு 4 வயது. எங்களுடன் இருக்கும் அம்மாவுக்கு 67. மாத வருமானத்தில் 15 சதவீதத்தைப் படிப்புக்கென ஒதுக்கி, மொத்தத்தையும் மகளின் கல்லூரிக்காகப் பங்குச் சந்தை சார்ந்த ஃபண்டுகளில் போடத் தொடங்கியிருக்கிறோம். அந்தப் படிப்புக்கு இன்றைய நிலவரப்படி எங்கள் பத்து மாத வருமானம் ஆகும். நான் என் துறையில் ஒன்றரை ஆண்டுச் சான்றிதழ் படிப்பில் சேர நினைக்கிறேன். கட்டணம் ஒரு மாத வருமானம். ஆறு மாதத்துக்கு ஒன்றாக மூன்று தவணை. அம்மாவும் மொழி வகுப்பில் சேர ஆசைப்படுகிறார். மகளின் பணத்திலிருந்து எடுக்கலாமா, கடன் வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். இதுவரை போட்டதை அப்படியே விட்டுவிட்டு, இனிப் போடும் 15 சதவீதத்தை மட்டும் பிரியுங்கள்.

மகளுக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்று முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொண்டால், இன்றைய படிப்புச் செலவு 1,000. அது ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் 14 ஆண்டுகளில் சுமார் 2,940 ஆகும். மாதம் 9 போட்டு, சம்பளம் கூடக்கூட அந்தத் தொகையை ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்த்திக்கொண்டே போனால், முதலீட்டுக்கு 7 சதவீத வருமானம் மட்டும் கிடைத்தாலும் ஏறத்தாழ 3,390 சேரும். ஆக 9 போதும். ஆனால் ஆண்டுதோறும் உயர்த்துவதை விட்டுவிட்டால் கணக்கு உதைக்கும். 2,560 அளவிலேயே நின்றுவிடும். அவளுக்கு 14 வயதானதும் பங்கு ஃபண்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு மாற்றத் தொடங்குங்கள். கட்டணம் கட்டும் ஆண்டில் சந்தை 30 சதவீதம் விழுந்தால், பழைய நிலைக்கு வர 43 சதவீதம் ஏற வேண்டும். கல்லூரி அதுவரை காத்திருக்காது.

மிச்சம் 6. அதில் 5 உங்களுக்கும் மனைவிக்கும், 1 அம்மாவுக்கு.

பெற்றோர் பலர் தங்கள் படிப்புச் செலவைச் சுயநலம் என்று நினைத்துக் கூசுகிறார்கள். அப்படி நினைக்காதீர்கள். மகளின் நிதிக்கு மாதாமாதம் பணம் வருவதே உங்கள் இருவரின் சம்பளத்திலிருந்துதான். அந்தச் சம்பளம் தேங்கினால் மேலே சொன்ன 5 சதவீத உயர்வும் நின்றுபோகும்.

மாதம் 5 என்று உடனே எடுக்கும் வகையில் சேமிப்புக் கணக்கில் தனியாகப் போடுங்கள். 8 மாதத்தில் 40 சேரும். முதல் தவணை 33 போக 7 மிஞ்சும். அடுத்த ஆறு மாதத்தில் 37 ஆகும். அதில் இரண்டாம் தவணை. மூன்றாவதும் இதே கணக்கில் வந்துவிடும். இந்தச் சுற்று உங்களுக்கு என்றால் அடுத்தது மனைவிக்கு.

காத்திருக்கும் அந்த 8 மாதத்தை வீணாக்காதீர்கள். உங்கள் துறையின் வேலை விளம்பரங்கள் இருபதை எடுத்து, எத்தனையில் இந்தச் சான்றிதழைக் கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள். இரண்டு மூன்றுக்கு மேல் இல்லையென்றால் வேறு படிப்பு பாருங்கள். பிறகு அதே பாடத்தை இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் நான்கு வாரம், வாரத்துக்கு ஆறு மணி நேரம் படித்துப் பாருங்கள். படிப்புக்காகச் செலவான பணம் பெரும்பாலும் வீணாவது பாதியில் விடுவதால்தான். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய எட்எக்ஸ் இணையப் படிப்புகளில் 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர். பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களிலும் பாதிப் பேர் முடிக்கவில்லை.

செலவு கட்டணத்தோடு நிற்காது. தேர்வுக் கட்டணம், புத்தகம், ஒருமுறை தவறினால் மறுதேர்வு எல்லாம் சேர்த்து 120 என்று போடுங்கள். இந்தக் கூடுதல் 20-ஐ போனஸ் வரும் மாதத்தில் ஒதுக்கிவிடுங்கள். கைக்கு வரும் சம்பளம் மாதம் 6 கூடும் என்றால் 20 மாதத்தில் போட்டது திரும்பும். உயர்வு கிடைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்புதான் என்றால் 40 மாதம். 38 வயதில் அதுவும் நல்ல கணக்குதான். 55 வயதில் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அலுவலகம் கட்டணத்தைத் தருமா என்று கேளுங்கள். தந்தால், இத்தனை ஆண்டுக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அரசு உதவி இருக்கிறதா என்றும் பாருங்கள். சிங்கப்பூரில் ஸ்கில்ஸ்ஃப்யூச்சர் வரவு, பிரான்ஸில் தனிநபர் பயிற்சிக் கணக்கு என்று சில நாடுகள் பெரியவர்களின் படிப்புக்கே பணம் ஒதுக்குகின்றன.

கடனில் ஏமாற்றுவது தவணை விடுமுறை. படித்து முடிக்கும்வரை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். 12 சதவீத வட்டி மாதாமாதம் அசலில் சேர்ந்தால், வாங்கிய 100 பதினெட்டு மாதத்தில் 119.6 ஆகிவிடும்.

மகளின் இன்றைய கற்றலுக்குத் தனி நிதி தேவையில்லை. சிறுவயதுக் கல்விக்கு லாபம் அதிகம் என்று சொல்லி விலையுயர்ந்த மழலையர் பள்ளியை விற்பவர்கள் அமெரிக்காவின் பெரி பள்ளி ஆய்வைக் காட்டுவார்கள். 1962-67இல் நடந்த அந்தத் திட்டம் ஏழைக் குடும்பங்களின் 3, 4 வயதுக் குழந்தைகளுக்கானது. தினமும் இரண்டரை மணி நேர வகுப்பு. அதோடு ஆசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்கே வந்து ஒன்றரை மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் உட்கார்ந்தார். அதன் பலனை விலையுயர்ந்த பள்ளியோடு முடிச்சுப் போட முடியாது. உங்கள் மகளின் வயதில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவதும் கதை வாசிப்பதும்தான் பெரிய முதலீடு. நூலகச் சந்தாவும் சில புத்தகங்களும் வீட்டுச் செலவிலேயே அடங்கும்.

அம்மாவின் பங்கில் லாபக் கணக்கே வேண்டாம். அந்த 1-ஐ மாதாமாதம் அவருடைய கணக்கிலேயே போட்டுவிடுங்கள். எந்த வகுப்பு என்பதை அவரே முடிவு செய்யட்டும். 1973இல் பிரான்ஸின் துலூஸ் நகரில் முதியோருக்கென மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம் தொடங்கியது. பிற்பாடு பிரிட்டனில் உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் கற்றுத்தரும் முறையாக அது வளர்ந்ததால் கட்டணமும் குறைந்தது. அப்படிப்பட்ட குழு அருகில் இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள். எந்த வகுப்பானாலும் ஆண்டுக் கட்டணம் மொத்தமாகக் கட்ட வேண்டாம், மூன்று மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். உடல்நிலையோ ஆர்வமோ மாறினால் நஷ்டம் குறைவு. ஓய்வூதியம் வாங்குபவர்களைத் தேடி வந்து பங்கு வர்த்தகம் கற்றுத்தருவதாகச் சொல்லும் பயிற்சிகளுக்கு மட்டும் அதிலிருந்து பணம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் பலவற்றின் நோக்கம் மாணவரின் சேமிப்பைத் தங்கள் வர்த்தகக் கணக்குக்கு இழுப்பதே.