நீர்விட்ட குடைமிளகாய்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம்.

நாங்கள் திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை பத்துப் பன்னிரண்டு பேர் மொட்டைமாடியில் கூடிப் பேசிக்கொண்டிருப்போம். ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டார் சிற்றுண்டி கொண்டுவருவார்கள். பெரும்பாலும் கடையில் வாங்கிய சமோசாவும் மிக்சரும்தான். சென்ற முறை என் பொறுப்பு. பெரிய குடைமிளகாய்களின் தலையைச் சீவிவிட்டு, உள்ளே உருளைக்கிழங்கு மசாலாவை அடைத்து, வாணலியில் எண்ணெய் விட்டு மூடி வேகவைத்தேன். மாடிக்குக் கொண்டுபோவதற்குள் காய் துவண்டு, தட்டெல்லாம் தண்ணீர் விட்டு, மசாலா கூழாகிவிட்டது. கையால் எடுத்து யாராலும் சாப்பிட முடியவில்லை. அதற்கு முன்பு ஒரு முறை மிளகாய் பஜ்ஜி போட்டபோது, எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் அடுப்படியிலேயே நின்றேன்.

என்னிடம் ஓவன் கிடையாது. வருகிறவர்களில் இருவர் வெங்காயம், பூண்டு சேர்த்துக்கொள்வதில்லை. பற்கள் பலவற்றை இழந்த பெரியவர் ஒருவரும் வருகிறார். முன்கூட்டியே செய்துவைக்கக்கூடிய, கையில் எடுத்துச் சாப்பிடக்கூடிய அடைத்த காய்கறிப் பண்டங்கள் சிலவற்றைச் சொல்வீர்களா? கத்தரிக்காய் இதற்கு ஆகுமா? சீஸ் இல்லாமல் செய்ய முடியுமா?

ஒரு வாசகி, திருச்சி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கைப்பக்குவத்தில் குறை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அடைப்பதற்கு நாம் எடுக்கும் காய்கள் அநேகமாக எல்லாமே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். குடைமிளகாய், காளான், தக்காளி, கத்தரிக்காய், வெள்ளரி எல்லாம் அப்படியே. சூடு ஏறியதும் காயின் உயிரணுச் சுவர்கள் தளர்ந்து அந்த நீர் வெளியே வரும். மசாலாவில் இருக்கும் உப்பும் தன் பங்குக்கு அதை இழுக்கும். நீங்கள் முழுக் காயையும் கிண்ணமாக்கி, வாணலியையும் மூடிவிட்டதால், வெளியேற வேண்டிய ஆவி உள்ளேயே சுற்றி மறுபடியும் நீராகியிருக்கிறது. அதை உறிஞ்சிக்கொள்ள உருளைக்கிழங்கால் முடியாது. வெந்த கிழங்கின் மாவு ஏற்கெனவே தண்ணீரைக் குடித்து உப்பியிருப்பது. ஜோத்பூரின் மிர்ச்சி வடாவில் அதே உருளைக்கிழங்கைப் பெரிய மிளகாய்க்குள் வைத்துக் கெடாமல் எடுக்கிறார்கள் என்றால், அங்கே காய் மெல்லியது. கடலைமாவில் தோய்ந்து காய்ந்த எண்ணெயில் விழுந்தவுடன் மேல்மாவு இறுகி, ஈரம் குமிழிகளாக வெளியேறிவிடுகிறது. மூடிய வாணலியில் அந்த வாய்ப்பு இல்லை.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது பூரணம். காய் விடும் நீரை வாங்கிக்கொண்டும் உதிரியாகவே நிற்கும் பூரணம் ஒன்று நம் சமையலறைகளில் தலைமுறைகளாக இருக்கிறது. பருப்பு உசிலியைத்தான் சொல்கிறேன். விநாயகர் சதுர்த்திக்கு உப்புக் கொழுக்கட்டைக்குள் வைக்கும் உளுந்துப் பூரணமும் இதே முறையில் செய்யப்படுவதுதான். ஊறவைத்து, கரகரப்பாக அரைத்து, ஆவியில் வேகவைத்து, உதிர்த்து, எண்ணெயில் வறட்டும் இந்த முறையில் பருப்பு முக்கால்வாசி காய்ந்துபோய், அடுத்து வரும் ஈரத்துக்கு இடம் வைத்திருக்கும். வெங்காயமும் பூண்டும் இல்லாமலேயே முழுமையான சுவை உடையது என்பதால் உங்கள் நண்பர்கள் இருவருக்கும் தனியாக எதுவும் செய்யவேண்டியதில்லை. ஒருவருக்கென்று ஒதுக்கிவைத்த தட்டு, அவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், அவரைச் சற்றே விலக்கிவைக்கிறது என்பது என் எண்ணம். எல்லோரும் ஒரே தட்டிலிருந்து எடுப்பதையே நான் விரும்புவேன்.

அளவு இது. கடலைப்பருப்பு அரைக் கப், துவரம்பருப்பு அரைக் கப், காய்ந்த மிளகாய் நான்கு அல்லது ஐந்து. ஒரு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு, உப்பும் பெருங்காயமும் சேர்த்து, சொட்டுத் தண்ணீரும் விடாமல் கரகரப்பாக அரையுங்கள். எண்ணெய் தடவிய இட்லித் தட்டில் 10 முதல் 12 நிமிடங்கள் வேகவையுங்கள். நன்றாக ஆறிய பிறகே உதிர்க்கவேண்டும். சூட்டோடு உதிர்த்தால் கட்டிகட்டியாகும். பிறகு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, சிறு தீயில் பருப்பு ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரும்வரை வறட்டுங்கள். இறக்கி ஆறியபின் எலுமிச்சைச் சாறு சிறிது. காலையில் செய்து மாலையில் பரிமாறுவதாக இருந்தால் தேங்காய்த் துருவலைச் சேர்க்காதீர்கள். நம் ஊர் வெயிலில் முதலில் கெடுவது அதுதான்.

இனி குடைமிளகாய். முழுக் காயை விட்டுவிட்டு, ஒவ்வொரு காயையும் நெடுக்கில் நான்காக வகுந்து, விதையையும் வெள்ளை நரம்பையும் எடுத்துவிடுங்கள். சிறு படகு போன்ற துண்டு கிடைக்கும். இரண்டு வாயில் முடிந்துவிடும். தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, துளி எண்ணெய் தடவி, தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, மூடாமல், பெருந்தீயில் இரண்டு மூன்று நிமிடங்கள் மட்டும் வாட்டுங்கள். ஆங்காங்கே கருக்கவேண்டும், துவளக்கூடாது. எடுத்து, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி துணியின்மேல் கவிழ்த்து ஆறவிடுங்கள். விடவேண்டிய நீரை அங்கேயே விட்டுவிடும். பரிமாறப்போகும் நேரத்தில் உசிலியை அழுத்தி நிரப்பி, கல்லில் ஒரு நிமிடம் சூடுகாட்டினால் போதும். உப்பைப் பூரணத்தில் மட்டும் போடுங்கள், காயின்மேல் தூவவேண்டாம். ஐந்து காய்களுக்கு இருபது துண்டுகள் வரும். பஜ்ஜி மிளகாயையும் இப்படிப் பாதியாக வகுந்து செய்யலாம். அதன் காரம் பெரும்பாலும் விதையைத் தாங்கி நிற்கும் வெள்ளைத் தசையில்தான் இருக்கிறது. விதையை மட்டும் தட்டிவிட்டு அந்தத் தசையை விட்டுவைக்கிறவர்கள்தான் பிறகு காரம் போகவில்லையே என்பார்கள். கரண்டிக் காம்பால் இரண்டையும் சேர்த்தே வழித்துவிடுங்கள்.

அந்தப் பெரியவருக்காக நான் பரிந்துரைப்பது புடலங்காய். அடைப்பதற்கென்றே வார்த்ததுபோல நடுவில் குடல் நீங்கினால் குழாயாக நிற்கும் காய் அது. இருந்தும் விருந்துக்கு அதை எடுக்க நாம் ஏனோ கூச்சப்படுகிறோம். பிஞ்சாகப் பார்த்து வாங்கி, மேலே இருக்கும் வெண்பூச்சைக் கத்தியின் முதுகால் லேசாகச் சுரண்டி, ஓர் அங்குல உயரமுள்ள வளையங்களாக நறுக்கி, உள்ளிருப்பதைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். இதற்கு உதிர்த்த உசிலி வேண்டாம். உசிலிக்கு அரைத்த மாவில் ஒரு பங்கை வேகவைப்பதற்கு முன்பே எடுத்துவைத்து, இன்னும் சற்று மென்மையாக அரைத்து, பொடியாக நறுக்கிய கொத்துமல்லியும் சீரகமும் கலந்து, பச்சையாகவே வளையங்களுக்குள் அடையுங்கள். இட்லித் தட்டில் 12 நிமிடங்கள் ஆவியில் இருந்தால் காய் மென்மையாகும். பருப்பும் வெந்து இறுகிக் காயின் சுவரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் எடுக்கும்போது எதுவும் கழன்று விழாது. ஆறிய பிறகு குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, மாலையில் தோசைக்கல்லில் இரண்டு முகங்களும் பொன்னிறமாகும்வரை வாட்டிக்கொடுங்கள். பெரியவருக்கு உரியதை மட்டும் அதிகம் முறுகவிடாமல் எடுத்துவிட்டால் ஈறாலேயே மென்றுவிடுவார். இதைச் சாப்பிட்டவர்கள் புடலங்காய் என்று நம்பத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். கூட்டுக்கும் பொரியலுக்கும் அப்பால் அந்தக் காயை இப்படி ஒரு மாலைப்பொழுதின் தட்டில் பார்ப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும்.

ஓவன் இல்லையே என்று வருந்தியிருக்கிறீர்கள். அடைத்த காளானுக்கு ஓவனைவிடப் பொருத்தமான பாத்திரம் பெரும்பாலான தமிழ் வீடுகளில் இருக்கிறது. அது பணியாரச் சட்டி. மொட்டுக் காளானின் தொப்பி அதன் குழியில் அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். 200 கிராம் பொட்டலங்கள் இரண்டு வாங்கினால் உங்கள் கூட்டத்துக்குப் போதுமானது. காளானைத் தண்ணீரில் ஊறவிடாமல், குழாயடியில் விரைவாகக் கழுவி உடனே துடைத்துவிடுங்கள். காம்பைத் திருகி எடுத்து, பொடியாக நறுக்கி, ஈரம் முழுவதும் வற்றும்வரை வதக்கி, இடித்த மிளகும் சீரகமும் கறிவேப்பிலையும் சேர்த்து, கடைசியில் இரண்டு கரண்டி பொட்டுக்கடலைப் பொடியைத் தூவிப் பிசறினால் பூரணம் தயார். தொப்பிகளை முதலில் குழிந்த பக்கம் கீழாக வைத்து மூன்று நிமிடங்கள் சுட்டு, திருப்பி, குழியில் தேங்கியிருக்கும் நீரைத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டுப் பூரணத்தை நிரப்பி, மீண்டும் நான்கு நிமிடங்கள் சுடவேண்டும். முதல் சுடுதலை விட்டுவிட்டு நேரடியாக அடைத்தால் உங்கள் குடைமிளகாய்க்கு நேர்ந்ததே இதற்கும் நேரும்.

அடுப்பே வேண்டாத ஒன்றும் தட்டில் இருக்கட்டும். வெள்ளரிக்காயை ஓர் அங்குலக் கட்டைகளாக வெட்டி, அடி ஓட்டையாகாமல் மேலே சற்றுக் குடைந்து, துணியில் கட்டிக் குளிர்பெட்டியில் நான்கு மணி நேரம் தொங்கவிட்ட தயிரை, கேரட் துருவலும் கடுகு தாளிப்பும் சேர்த்து நிரப்புங்கள். உப்பு மட்டும் பரிமாறும்போதுதான். முன்பே போட்டால் வெள்ளரி தன் தண்ணீரை எல்லாம் தயிருக்குக் கொடுத்துவிடும். தக்காளியில் செய்ய ஆசைப்பட்டால் நாட்டுத் தக்காளியை விட்டு, பெங்களூர்த் தக்காளி என்று விற்கும் தடித்த சுவருள்ள வகையை எடுங்கள். ஆனால் அது தட்டில் வைத்துச் சாப்பிடவேண்டியது. கையில் எடுத்தால் உடைகளைப் பாழாக்கும்.

கத்தரிக்காயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடைத்த கத்தரிக்காய் நம் சமையலின் பெருமைகளில் ஒன்று. காம்பைக் கைப்பிடியாக விட்டு, அடியிலிருந்து நான்காகக் கீறி, வறுத்து அரைத்த தனியா, பருப்பு, மிளகாய், புளி ஆகியவற்றைத் திணித்து எண்ணெயில் சுருள வேகவைக்கும் அந்தச் சுவைக்கு ஈடு சொல்ல எனக்குத் தெரியவில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் இன்னும் சிறப்பு. இருந்தாலும் உங்கள் மொட்டைமாடிக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கத்தரியின் சதை காற்றறைகள் நிறைந்த பஞ்சு. எண்ணெயை நிறையக் குடித்து, வெந்ததும் குழைந்து, அமுக்கினால் அத்தனையையும் விரல்களில் விட்டுவிடும். அது சோற்றுக்காகப் பிறந்த பண்டம். அதை இலையில் போட்டுச் சாப்பிடும் ஒரு மதிய நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சீஸ் இல்லாமல் தாராளமாக முடியும். சூட்டில் இளகிப் பூரணத்தைச் சேர்த்துப்பிடிப்பதுதான் அதன் வேலை. மேலே சொன்னவற்றில் அதைப் பருப்பும் பொட்டுக்கடலையும் செய்துவிடுகின்றன. மேலும் மாடிக் காற்றில் ஆறிப்போன சீஸ் ரப்பராகிவிடும். ஆறிய உசிலி உசிலியாகவே இருக்கும். குழந்தைகள் கேட்டால் துருவிய பனீரைச் சிறிது கலந்துகொள்ளலாம்.

மிளகாய் பஜ்ஜிக்காக நீங்கள் அடுப்படியில் நின்ற மாலைதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது. பத்துப் பேருக்குச் சூடாகப் போட்டுக்கொடுத்த பெண், அந்தப் பத்துப் பேரின் பேச்சில் ஒரு சொல்லையும் கேட்காமல் போவதை நாம் மிக இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம். பஜ்ஜி எண்ணெயிலிருந்து எடுத்த சில நிமிடங்களுக்குள் நமுக்கத் தொடங்கிவிடும். அதனால் அதைச் செய்கிறவர் உட்காரவே முடியாது. அடைத்த காய்கறிகளை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணமே, அவற்றில் வேலை முழுவதையும் விருந்தினர் வருவதற்கு முன்பே முடித்துவிடலாம் என்பதுதான். முந்தைய நாள் இரவே உசிலியைச் செய்து குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். காலையில் புடலங்காயை ஆவியில் வைத்து எடுங்கள். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஐந்து மணிக்குக் குடைமிளகாயையும் காளானையும் முதல் சூட்டில் வாட்டிக்கொண்டால், கடைசி வேலைக்குக் கால் மணி நேரம் போதும். அதையும் வேறொருவர் செய்யலாம். பன்னிரண்டு பேருக்கு ஏதேனும் மூன்று வகைகள், ஒவ்வொன்றிலும் இருபது துண்டுகள் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஐந்து கிடைக்கும். வீட்டுக்குப் போய் இரவுச் சாப்பாடு சாப்பிடப்போகிறவர்களுக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. சமைத்த பண்டத்தை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பது பொதுவான உணவுப் பாதுகாப்பு விதி. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது ஒரு மணி நேரமாகக் குறைகிறது. திருச்சியில் ஆண்டின் பல மாதங்களில் மாலையிலும் வெப்பம் அந்த அளவைத் தாண்டித்தான் இருக்கும். எனவே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாடிக்கு ஏற்றாமல் இரண்டு தவணையாகக் கொண்டுபோங்கள். தயிர் வைத்த வெள்ளரியை முதல் தவணையிலேயே தீர்த்துவிடுங்கள். இரண்டாவது தவணையை எடுத்துவர யாரையாவது அனுப்புங்கள், நீங்கள் எழுந்திருக்கவேண்டாம்.