ஸ்ட்ரிப் கிளப்பில் ஆடும் பெண்களுக்கு எவ்வளவு சம்பளம் கிடைக்கும்?

அமெரிக்காவை வைத்துச் சொல்கிறேன். அங்கே பெரும்பாலான கிளப்புகளில் சம்பளம் என்ற ஒன்றே கிடையாது. ஆடுகிற பெண்தான் கிளப்புக்குப் பணம் கட்டுகிறாள்.

நான் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வக்கீல். மேடையில் ஒவ்வொன்றாக ஆடை களைந்து ஆடும் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மவர்கள் ஒன்று ஒழுக்கத்துக்குப் போய்விடுவார்கள், இல்லை கிளுகிளுப்புக்கு. அவளுடைய கூலி என்ன என்று நீங்கள் கேட்டிருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

ஓனரிடம் நாள் வாடகைக்கு ஆட்டோ எடுத்து ஓட்டுகிறவரின் கணக்குதான் இது. ஷிஃப்டுக்கு வந்தால் 'ஹவுஸ் ஃபீ' என்ற வாடகையைக் கிளப்புக்குக் கட்ட வேண்டும். மேடையில் விழும் டிப்ஸும், ஒரு வாடிக்கையாளருக்கென்று தனியாக ஆடினால் பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் பணமும்தான் வரவு. பல இடங்களில் அதிலும் கிளப்புக்குப் பங்கு உண்டு. கிளம்பும்போது டிஜேவுக்கும் பவுன்சருக்கும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சனிக்கிழமை இரவு கை நிறையக் கிடைக்கலாம். கூட்டமில்லாத நாளில் கட்டிய வாடகைகூடத் திரும்பி வராது. அந்தப் பாக்கியை அடுத்த ஷிஃப்டில் ஏற்றிக் கடனாக்கும் வழக்கமும் இருந்தது.

காரணம், ஏட்டில் அவள் ஊழியர் இல்லை, சுயதொழில் செய்பவள். எத்தனை மணிக்கு வர வேண்டும், ஒரு ஆட்டத்துக்கு என்ன விலை என்பதைக் கிளப்தான் முடிவு செய்யும். ஆனால் கம்பத்திலிருந்து விழுந்து முட்டி போனால் இழப்பீடு கிடையாது, குறைந்தபட்சக் கூலியும் கிடையாது. இதை எதிர்த்துப் பல மாநிலங்களில் வழக்குப் போட்டு ஜெயித்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கதை சான்ஃபிரான்சிஸ்கோவின் லஸ்டி லேடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெண்கள் ஆடுவார்கள், இந்தப் பக்கம் சிறு அறைகளில் காசு போட்டுப் பார்ப்பார்கள். இங்கே மணிக்கணக்கில் கூலி உண்டு என்பதால் அவர்கள் ஊழியர்கள்தான் என்பதில் சிக்கல் இருக்கவில்லை. சில அறைகளில் ஒருவழிக் கண்ணாடி. உள்ளே இருப்பவரை ஆடுகிறவளால் பார்க்க முடியாது. அந்த மறைவில் ரகசியமாகப் படம் பிடித்தார்கள். அந்தக் கண்ணாடியை அகற்றச் சொல்லித்தான் போராட்டம் தொடங்கியது. 1996-ல் வாக்கெடுப்பு நடத்தி எஸ்இஐயு என்ற சேவைத் துறை ஊழியர்களின் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள், 1997-ல் ஒப்பந்தம் போட்டார்கள். 2003-ல் கிளப்பையே வாங்கிக் கூட்டுறவாக நடத்தினார்கள். பத்து வருடம் ஓட்டி, 2013-ல் மூடினார்கள். பணம் போட்டவர்கள் நடத்திய எத்தனையோ கடைகள் அத்தனை வருடம் நிற்கவில்லை.

லாஸ் ஏஞ்சலஸின் ஸ்டார் கார்டன் பெண்கள் 2022-ல் பாதுகாப்புக் கேட்டு வாசலில் மறியல் செய்தார்கள். 2023 மே மாதம் 17-0 என்ற வாக்கில் சங்கம் வந்தது. மேடை நடிகர்களின் பழைய சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டி அவர்களைச் சேர்த்துக்கொண்டது. நடிகர்களுக்குச் சமமாக இவர்களையும் மேடைக் கலைஞர்கள் என்று ஏற்றதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

எல்லாப் பெண்களும் ஊழியராக விரும்புவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நினைத்த நாளில் வரலாம், வேண்டாத நாளில் வராமல் இருக்கலாம் என்ற சுதந்திரம் பலருக்கு முக்கியம். கலிஃபோர்னியாவில் 2018-க்குப் பிறகு ஊழியராக மாற்றிய சில கிளப்புகள், கூலி தருகிறோம் என்று சொல்லி ஆட்டக் காசில் பெரிய பங்கை எடுத்துக்கொண்டதாக ஆடுகிறவர்களே புகார் சொன்னார்கள்.

அதனால் வாஷிங்டன் மாநிலம் போன வழி எனக்குப் பிடித்திருக்கிறது. 2024-ல் வந்த சட்டம், யார் ஊழியர் என்ற சண்டைக்குப் போகாமல் வாடகைக்கு உச்சவரம்பு வைத்தது: ஷிஃப்டுக்கு 150 டாலர் அல்லது அவள் சம்பாதித்ததில் 30 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. பாக்கியை அடுத்த ஷிஃப்டில் ஏற்றக் கூடாது. தனியறைகளில் ஆபத்துக்கு அழுத்தும் பொத்தான் இருக்க வேண்டும். அதோடு அந்தக் கிளப்புகளில் மது விற்கவும் வழி திறந்தது. இதை ஆடும் பெண்களே கேட்டார்கள். அதுவரை அங்கே மது விற்கத் தடை இருந்ததால் கிளப்பின் வருமானத்தில் பெரும் பகுதி இவர்கள் கட்டிய வாடகையாகவே இருந்தது.