லூட்சன் போர், 1632: மூடுபனி, மஸ்கெட் திரி, மன்னரின் தோல்சட்டை (கேள்வி பதில்)

கேள்வி: சார், இந்தப் போர் நடந்தது நவம்பர் 6-ஆ, 16-ஆ?

பதில்: இரண்டும் ஒரே நாள்தான். இது முப்பதாண்டுப் போரில், ஜெர்மனியில் லைப்சிக் அருகே, சுவீடன் மன்னர் குஸ்டாவ் அடால்ஃபும் கத்தோலிக்கப் பேரரசரின் தளபதி வாலன்ஸ்டைனும் மோதிய சண்டை. சுவீடன் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, கத்தோலிக்கத் தரப்பு கிரிகோரியனில். வித்தியாசம் 10 நாள். நீங்கள் 16 என்றே எழுதுங்கள். சுவீடனில் இன்றும் 6-ஆம் தேதிதான் நினைவுநாள். இந்தப் போரில் இறந்த குஸ்டாவ் அடால்ஃபின் தலை உருவம் பதித்த கேக் கடைகளில் கிடைக்கும்.

கேள்வி: எதிரி பக்கத்திலேயே இருக்கும்போது வாலன்ஸ்டைன் படையைப் பிரித்து அனுப்பினாரே, அது முட்டாள்தனம் இல்லையா?

பதில்: குளிர் வந்துவிட்டது, இந்த ஆண்டுச் சண்டை முடிந்தது என்று கணக்குப் போட்டார். அந்தக் காலத்தில் அது நியாயமான கணக்கு. தன் துணைத் தளபதி பாப்பன்ஹைமை ஹாலே நகரப் பக்கம் அனுப்பினார். 15-ஆம் தேதி சுவீடன் படை வருவது தெரிந்ததும், எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படையோடும் பீரங்கியோடும் வா என்று அவருக்குக் கடிதம் போனது. இரத்தக்கறை படிந்த அந்தக் கடிதம் வியன்னா இராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

என்னைக் கேட்டால் போரின் போக்கு முடிவானது 15-ஆம் தேதியே. ரிப்பாக் என்ற சின்ன ஓடையைக் கடக்கவிடாமல் ஒரு சிறு படை சுவீடன்காரர்களைச் சில மணி நேரம் நிறுத்தியது, பொழுது சாய்ந்துவிட்டது. அந்த ஓர் இரவு வாலன்ஸ்டைனுக்குப் போதும். லைப்சிக் சாலையோரப் பள்ளங்களை ஆழமாக வெட்டி மஸ்கெட்காரர்களை (திரியால் சுடும் நீளத் துப்பாக்கி வீரர்களை) இறக்கினார், காற்றாலைகளுக்குப் பக்கத்தில் பீரங்கிகளை நிறுத்தினார். மறுநாள் காலை மூடுபனி விலகத் தாமதமாகி, தாக்குதல் தொடங்கவே 11 மணி போல ஆயிற்று. நண்பகல் வாக்கில் பாப்பன்ஹைம் குதிரைப்படையோடு வந்துவிட்டார்; வந்த கொஞ்ச நேரத்திலேயே சுடப்பட்டார்.

கேள்வி: பனியில் மஸ்கெட் சுடுமா அண்ணா?

பதில்: சுடும், ஆனால் தொல்லை. வெடியுப்பில் ஊறவைத்த திரி மெதுவாகக் கனன்றுகொண்டே இருக்கும். ஒன்று அணைந்தாலும் ஆகட்டும் என்று இரண்டு முனையையும் பற்றவைப்பார்கள். சுடுமுன் சாம்பலை ஊத வேண்டும், திரி முனை மருந்துக்கிண்ணத்தில் (பற்றவைக்கும் வெடிமருந்து வைக்கும் சிறு குழியில்) சரியாக விழும்படி நீளத்தைத் திருத்த வேண்டும். ஈரத்தில் முதலில் கெடுவது கிண்ணத்து மருந்து. அதனால் மூடியைக் கடைசி நொடியில்தான் திறப்பார்கள்.

கேள்வி: மன்னர் ஏன் மார்புக்கவசம் போடவில்லை? கடவுள் நம்பிக்கையா?

பதில்: முக்கியக் காரணம் வலி. 1627-இல் போலந்துப் போரில், டிர்ஷாவ் பக்கம், தோளருகே பாய்ந்த குண்டை எடுக்க முடியவில்லை. இரும்பு அங்கே அழுத்தினால் தாங்காது. எல்க் மான்தோல் சட்டைதான் போட்டிருந்தார். தடித்த தோல் வாள்வெட்டை ஓரளவு தாங்கும், குண்டைத் தாங்காது. கிட்டப்பார்வை வேறு. திரும்பக் கவிந்த பனியும் புகையும் சேர்ந்துகொள்ள, சுவீடனின் ஸ்மோலாண்ட் குதிரைப்படையோடு போனவர் தன் ஆட்களைப் பிரிந்து எதிரிகளுக்குள் மாட்டிக்கொண்டார். கையில் குண்டு, முதுகில் குண்டு, விழுந்த பிறகு தலையில். சட்டையை உருவி வியன்னாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்திரியா அதை 1920-இல் சுவீடனுக்குத் திருப்பித் தந்தது.

கேள்வி: அப்படியானால் ஜெயித்தது யார்?

பதில்: களம் சுவீடனுக்கு. மன்னர் இறந்ததும் சுவீடன் தரப்புத் தளபதி வைமாரின் பெர்ன்ஹார்ட் தலைமை ஏற்று, மாலையில் காற்றாலைப் பீரங்கிகளைப் பிடித்தார். வாலன்ஸ்டைன் பீரங்கிகளை விட்டுவிட்டு இரவில் பின்வாங்கினார். பாப்பன்ஹைமின் காலாட்படை வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

கேள்வி: களத்தில் எலும்புகள் கிடைத்ததா?

பதில்: 2011-இல் 47 பேர் கிடந்த ஒரே குழி கிடைத்தது. மண்ணோடு கட்டியாகப் பெயர்த்தெடுத்தார்கள். பலர் உடலில் குண்டுக்காயம். புதைக்கும் முன்பே உடைகளையெல்லாம் உருவியிருந்தார்கள்.